சோதனை வரும்போது விசுவாசம் என்ன செய்யும்?

ஒரு தம்பி கேட்டிருந்த கேள்வி, சுருக்கமாக: "நான் ஞானஸ்நானம் எடுத்தவன். சபையில் கீபோர்டு வாசிக்கிறேன். ராத்திரி தனியாக இருக்கும்போது போனில் பார்க்கக்கூடாததைப் பார்க்கிற பழக்கம் என்னை விடமாட்டேன் என்கிறது. உபவாசம் இருந்தேன், கன்வென்ஷனில் முன்னால் போய்த் தீர்மானம் எடுத்தேன். கொஞ்ச நாள் நன்றாகப் போகும், அப்புறம் திரும்ப அதே இடம். விசுவாசத்தால் சோதனையை ஜெயிக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் எனக்கு விசுவாசமே இல்லையா? ஊழியத்தை விட்டுவிடவா?"

தம்பி, கடைசி இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் விசுவாசத்தால் ஜெயிப்பது என்றால் என்ன என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் விசுவாசத்தை மனஉறுதி என்று எடுத்துக்கொண்டிருப்பது போலத் தெரிகிறது. உங்களைக் குறை சொல்லவில்லை, நாம் கேட்கிற பிரசங்கங்களில் பலவும் அப்படித்தான் போகின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு நில், இன்னும் கெட்டியாகத் தீர்மானம் எடு, இன்னும் ஒரு நாள் உபவாசம் இரு. அந்தத் தீர்மானம் உடைந்ததும் விசுவாசமே உடைந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். வேதம் விசுவாசம் என்று சொல்லும்போது நம் பலத்தைப் பேசவில்லை. தேவன் எப்படிப்பட்டவர் என்று நான் நம்புகிறேன், அவர் எனக்கு நல்லது செய்கிறவரா இல்லையா, அதைத்தான் பேசுகிறது. சோதனைக்காரன் முதலில் கை வைப்பதும் அங்கேதான்.

ஏதேனில் என்ன நடந்தது என்று பாருங்கள். சர்ப்பம் பழத்தைப் பறித்து ஏவாள் கையில் கொடுக்கவில்லை, அது ருசியாக இருக்கும் என்றுகூடச் சொல்லவில்லை. தேவன் உங்களுக்கு ஒரு நல்லதைத் தராமல் வைத்துக்கொண்டிருக்கிறார் என்ற சந்தேகத்தை மட்டும் போட்டது. அந்தச் சந்தேகம் உள்ளே போன பிறகுதான் அந்த மரம் "புசிப்புக்கு நல்லதும், பார்வைக்கு இன்பமும்" என்று அவள் கண்ணுக்குப் படுகிறது.

வனாந்தரத்தில் இயேசுவுக்கு நடந்ததும் இதே தாக்குதல்தான். மத்தேயு 3ஆம் அதிகாரம் "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்" என்ற பிதாவின் சத்தத்தோடு முடிகிறது. அடுத்த அதிகாரத்தில் சோதனைக்காரன் வாயைத் திறந்ததும் வருவது, "நீர் தேவனுடைய குமாரனேயானால்". நடுவில் நாற்பது நாள் பசி. கல்லை அப்பமாக்குவதில் அப்படி என்ன பாவம் இருக்கிறது? பிற்பாடு அவரே அப்பத்தைப் பெருகச் செய்து ஐயாயிரம் பேரைப் போஷித்தார். "மகன் என்று சொன்னவர் என்னைப் பட்டினி போட்டுவிட்டார், இனி என் பாட்டை நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று முடிவெடுக்க வைப்பதுதான் சாத்தானின் குறி. இயேசு கொடுத்த மூன்று பதில்களும் உபாகமம் 6, 8 அதிகாரங்களில் உள்ளவை. நாற்பது வருஷம் வனாந்தரத்தில் பட்ட பசியையும், மன்னா வந்த விதத்தையும், தேவனைச் சந்தேகப்பட்டு ஜனங்கள் அவரைப் பரீட்சை பார்த்ததையும் மோசே நினைப்பூட்டுகிற பகுதி அது. அவர்கள் முறுமுறுத்த அதே மாதிரியான இடத்தில், அதே பசியோடு, இவர் பிதாவை நம்பினார்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "இயேசு வசனத்தைச் சொல்லி ஜெயித்தார், நீயும் வசனத்தைச் சொல்" என்று மட்டும் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். வசனம் மந்திரம் இல்லை. அந்த இடத்தில் சாத்தானும்தான் வசனம் சொன்னான், 91ஆம் சங்கீதத்தை எடுத்தே பேசினான். இயேசு சொன்ன வசனங்களில் இருந்த பலம், அவற்றுக்குப் பின்னால் அவர் பிதாவின்மேல் வைத்திருந்த நம்பிக்கை.

சரி, உங்கள் ராத்திரிக்கு வருவோம். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: நாள் முழுவதும் வேலையில் களைத்திருப்பீர்கள், யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்கள், வீட்டில் பேசுவதற்கு ஆள் இல்லை, அல்லது ஆள் இருந்தும் பேச முடியவில்லை. படுக்கையில் போன் கையில் இருக்கிறது. மேலே தெரிவது இச்சை. அதற்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கிற பேச்சைக் கவனித்துப் பாருங்கள். "எனக்கென்று யார் இருக்கிறார்கள், ஆண்டவருக்கும் என்மேல் அக்கறை இல்லை, இந்தக் கொஞ்ச நேரமாவது எனக்கு இருக்கட்டும்." இந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லாமல் இச்சையோடு மட்டும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் வேரை விட்டுவிட்டு இலையைக் கிள்ளுவதாகிவிடும். அந்த நேரத்து ஜெபம் அழகான வார்த்தைகளில் இருக்க வேண்டியதில்லை. "ஆண்டவரே, தனியாக இருக்கிறேன், மனசு கசந்துபோயிருக்கிறது, இது எனக்கு வேண்டும் போல இருக்கிறது, நீர் எனக்குப் போதும் என்று இப்போது நம்ப முடியவில்லை, உதவி செய்யும்." சங்கீதங்களில் பலவற்றில் இந்தத் தொனிதான். எபிரெயர் 4:15 நம் பலவீனங்களைக்குறித்துப் பரிதபிக்கிற ஒரு பிரதான ஆசாரியரைக் காட்டுகிறது, "எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும், பாவமில்லாதவராயிருக்கிற" ஒருவர். பாவம் செய்யாதவருக்குச் சோதனையின் பாரம் எப்படித் தெரியும் என்று சிலர் கேட்பார்கள். பாதியிலேயே விட்டுக்கொடுத்தவனுக்கு அந்த அழுத்தத்தின் பாதிதான் தெரியும், கடைசிவரை நின்றவருக்குத்தான் முழுதும் தெரியும்.

இந்த விஷயத்தில் எனக்கு ரொம்பப் பிரயோஜனமாயிருந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ்ச் சபைகளில் அவர் பெயரை அதிகம் சொல்வதில்லை. எவாக்ரியஸ், 4ஆம் நூற்றாண்டுக்காரர், இப்போதைய துருக்கியின் வடக்கே கருங்கடல் ஓரத்துப் பொந்து நாட்டில் பிறந்தவர். (அப்போஸ்தலர் 2இல் பெந்தெகொஸ்தே நாளில் வந்திருந்தவர்களின் பட்டியலில் அந்த நாடும் உண்டு.) நசியான்சு கிரகோரி என்ற பேராயரிடம் டீக்கன் பட்டம் பெற்றவர், கான்ஸ்டான்டிநோபிளில் துர்உபதேசக்காரர்களோடு வாதாடுவதில் பேர் வாங்கியவர். அப்படிப்பட்டவர் அங்கே பெரிய குடும்பத்தைச் சேர்ந்த, திருமணமான ஒரு பெண்மேல் ஆசைப்பட்டு மாட்டிக்கொண்டார். விட்டுவிட வேண்டும் என்று அவருக்குத் தெரியும், ஜெபமும் செய்தார், ஆனால் முடியவில்லை. அவருடைய சீடர் பல்லாடியஸ் எழுதிவைத்திருப்பதன்படி, ஒரு கனவில் தான் கைதாகி விலங்கோடு நிற்பதாகக் கண்டு, இந்த நகரத்தை விட்டுப் போய்விடுகிறேன் என்று சுவிசேஷத்தின்மேல் சத்தியம் செய்தார். விழித்ததும், கனவில் செய்தாலும் சத்தியம் சத்தியம்தான் என்று மூட்டை கட்டிக் கப்பலேறி எருசலேமுக்குப் போய்விட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் இது இன்னொரு சாட்சிக் கூட்டத்துச் சாட்சி. ஆனால் எருசலேமில் அவர் மறுபடியும் பழைய ஆடம்பரத்துக்கே திரும்பினார். அப்புறம் காய்ச்சலில் விழுந்தார், மாதக்கணக்கில் இழுத்தது, வைத்தியர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒலிவமலையில் மடம் வைத்து நடத்திக்கொண்டிருந்த மெலானியா என்ற ரோமாபுரி அம்மையார் அவரிடம் வந்து, உன் மனதில் இருப்பதை என்னிடம் சொல் என்று கேட்டார். முழுவதையும் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் அவர் குணமாகி எகிப்துக்குப் போகிறார். முதலில் துறவிகள் வாழ்ந்த பாலைவனப் பகுதியான நிட்ரியா, பிறகு இன்னும் உள்ளே தள்ளியிருந்த கெல்லியா, அங்கேயே 399இல் மரணம். (தீராத காய்ச்சல் எல்லாவற்றுக்கும் மறைத்த பாவம்தான் காரணம் என்று இதை வைத்து யாரும் முடிவுக்கு வந்துவிட வேண்டாம், அது யோபின் நண்பர்கள் செய்த தப்பு.) அவருடைய தத்துவ உபதேசங்கள் சிலவற்றைச் சபை 553இல் தள்ளிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் சோதனையைப் பற்றி அவர் எழுதியது கிழக்கிலும் மேற்கிலும் இன்றுவரை நிற்கிறது. அவர் சொன்ன எட்டுக் கெட்ட எண்ணங்கள்தான் பிற்காலத்தில் கத்தோலிக்கர்கள் சொல்கிற ஏழு தலையான பாவங்களாக உருமாறின.

அவர் சொன்னதில் உங்களுக்கு முதலில் வேண்டியது இது: இந்த எண்ணங்கள் நம்மை வந்து தொந்தரவு செய்யலாமா கூடாதா என்பது நம் கையில் இல்லை, அவை உள்ளே தங்கலாமா கூடாதா என்பதுதான் நம் கையில் இருக்கிறது. எத்தனையோ பேர் எண்ணம் வந்த நொடியிலேயே "போச்சு, நான் அசுத்தமானவன்" என்று தோல்வியை ஒத்துக்கொண்டுவிடுகிறார்கள். அதற்கப்புறம் எப்படியும் தோற்றாயிற்று, முழுவதும் செய்துவிடலாம் என்று மனசு சொல்கிறது. யாக்கோபு 1:14, 15ஐ நிதானமாகப் படியுங்கள். இழுக்கப்படுவது, சிக்குவது, இச்சை கர்ப்பந்தரிப்பது, பாவம் பிறப்பது, பாவம் பூரணமாகி மரணத்தைப் பிறப்பிப்பது என்று படிப்படியாகப் போகிறது. நடுவில் எத்தனை இடத்தில் நிறுத்த முடியும் பாருங்கள். சோதனையும் பாவமும் ஒன்று என்றால் இயேசுவைப் பாவமில்லாதவர் என்று சொல்லவே முடியாது.

இரண்டாவது, அந்த எட்டு எண்ணங்களுக்கும் எதிராக ஏறக்குறைய 500 வேத வசனங்களை அவர் ஒரு நூலாகத் தொகுத்தார். பொதுவாக "பாவத்துக்கு எதிரான வசனங்கள்" என்று இல்லை. இன்ன எண்ணம், இன்ன விதமாக, இன்ன பேச்சைப் பேசிக்கொண்டு வரும்போது அதற்கு இந்த வசனம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக. வனாந்தரத்தில் இயேசு செய்ததையே அவர் முறைப்படுத்திக் கொடுத்தார். நீங்களும் உங்களுடையதை எழுதுங்கள். உங்களிடம் ராத்திரியில் வரும் பேச்சு "யாரும் இல்லை" என்பதாக இருந்தால், வேசித்தனத்தைப் பற்றிய எச்சரிப்பு வசனம் அந்த நேரத்தில் குற்ற உணர்ச்சியைத்தான் ஏற்றும். "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை" என்பதுதான் அந்தப் பொய்க்கு நேரான பதில். அவமானத்தில் இருந்து வருகிறதென்றால் வேறு வசனம், கோபத்தில் இருந்து வருகிறதென்றால் வேறு. என்னைக் கேட்டால் கையால் எழுதுவது நல்லது. போனில் எழுதி வைத்தால், அதைப் படிப்பதற்கே நீங்கள் போனைக் கையில் எடுக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, நேரம். காலை ஏறக்குறைய பத்து மணியிலிருந்து மத்தியானம் இரண்டு மணிவரை வரும் ஒருவித சலிப்பை அவர் விவரிக்கிறார். சூரியன் நகரவே மாட்டேன் என்பது போல, நாளுக்கு ஐம்பது மணி நேரம் என்பது போல இருக்குமாம். துறவி ஜன்னலைப் பார்ப்பார், யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார், இந்த இடத்தில் அன்பே இல்லை, வேறெங்காவது போனால் தேவலை என்று தோன்றும். சாத்தான் இயேசுவிடம் எடுத்துப் பேசிய அதே 91ஆம் சங்கீதத்தில் "மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம்" என்று வருகிறதே, அதை அந்தத் துறவிகள் இந்தச் சலிப்போடு சேர்த்துத்தான் பார்த்தார்கள். தாவீது விழுந்ததும் இப்படியொரு நேரத்தில்தான்: ராஜாக்கள் யுத்தத்துக்குப் போகிற காலத்தில் அவர் போகாமல் எருசலேமில் இருந்துவிட்டார், சாயங்காலத்தில் படுக்கையிலிருந்து எழுந்து உப்பரிகையில் உலாவினார். உங்களுடைய மணி எது என்று உங்களுக்குத் தெரியும். அந்த மணிக்குப் போன் வேறு அறையில் இருக்கட்டும், எழுப்புவதற்கு ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். இதெல்லாம் விசுவாசமா, வெறும் உபாயம்தானே என்று சிலர் கேட்பார்கள். 1 கொரிந்தியர் 10:13இல் தேவன் சோதனையோடுகூடத் "தப்பிக்கொள்ளும்படியான போக்கையும்" உண்டாக்குவார் என்று இருக்கிறது. போக்கு என்றால் வழிதானே, வழியைக் காட்டினால் நாம்தான் நடந்து போக வேண்டும். தன் பலத்தை நம்புகிறவன் நின்று சண்டை போடுவான். தேவன் சொன்னதை நம்புகிறவன் ஓடுவான், ஏனென்றால் வேசித்தனத்துக்கு விலகியோடுங்கள் என்றுதான் பவுல் சொன்னார், நின்று எதிர்த்துப் பாருங்கள் என்று சொல்லவில்லை.

யோசேப்பு ஓடினார். போத்திபாரின் மனைவி நித்தம் நித்தம் பேசிக்கொண்டிருந்தாள் என்று ஆதியாகமம் சொல்கிறது. ஆக அது ஒருநாள் சோதனை இல்லை. அவருக்குப் பத்துக் கட்டளை கிடையாது, சபை கிடையாது, அவரைத் தெரிந்தவர்கள் யாரும் அந்த நாட்டில் இல்லை, சொந்த அண்ணன்மார்களே விற்றுவிட்டிருந்தார்கள். தேவன் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று சொல்ல அவரைவிட அதிகக் காரணம் யாருக்கு இருந்தது? அவர் சொன்னது, "நான் இத்தனை பெரிய பொல்லாப்புக்கு உடன்பட்டு, தேவனுக்கு விரோதமாய்ப் பாவம் செய்வது எப்படி". ஓடினதற்குக் கிடைத்த பலன் சிறைச்சாலை. இதை நம் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சோதனையை ஜெயித்தால் உடனே ஆசீர்வாதம் என்று சொல்லிக்கொடுத்தால், ஜெயித்தும் ஒன்றும் கிடைக்காத முதல் நாளிலேயே பையன் விட்டுவிடுவான்.

பாவத்தில் சந்தோஷமே இல்லை என்றும் சொல்லாதீர்கள். எபிரெயர் 11இல் மோசேயைப் பற்றிச் சொல்லும்போது "அநித்தியமான பாவசந்தோஷங்கள்" என்றே எழுதியிருக்கிறது. சந்தோஷம் இருக்கிறது, நிலைக்காது, அவ்வளவுதான். மோசே ஆசையே இல்லாதவராக மாறிப்போகவில்லை, "இனிவரும் பலன்மேல் நோக்கமாயிருந்து" அதைவிடப் பெரிய ஒன்றின்மேல் ஆசைப்பட்டார். உங்கள் ஜெபம் "இந்த ஆசையை எடுத்துவிடும்" என்பதோடு நின்றுவிடாமல், "உம்மேல் ஆசையைக் கொடும்" என்றும் இருக்கட்டும். உண்மையான நட்பு, வேர்க்க வேர்க்க விளையாடுவது, நல்ல தூக்கம், இசை, இதெல்லாமும் அவர் கொடுத்தவைதான். அவற்றை அனுபவிப்பது ஆவிக்குரியது இல்லை என்று நினைக்க வேண்டாம்.

இப்போது மெலானியா அம்மையாருக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் காணாமல் போயிருப்பது அவர்தான். நீங்கள் உபவாசம் இருந்தீர்கள், தனியாக. ஜெபித்தீர்கள், தனியாக. கன்வென்ஷனில் ஆயிரம் பேர் நடுவில் முன்னால் போனீர்கள், அதுவும் தனியாகத்தான், யாருக்கும் காரணம் தெரியாது. யாக்கோபு 5:16 "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்று சொல்கிறது. நம் ஊரில் இது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். சொன்னது நாளைக்கே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், கல்யாணப் பேச்சுவரைக்கும் போகும் என்ற பயம் நியாயமான பயம்தான். அதனால் எல்லாரிடமும் சொல்லச் சொல்லவில்லை. வாயைக் காக்கத் தெரிந்த, உங்களைவிட மூத்த, தானும் கிருபையால்தான் நிற்கிறேன் என்று தெரிந்த ஒரு சகோதரர் போதும். முழுதாகச் சொல்லுங்கள், பாதியை மறைத்து வைத்துவிட்டுச் சொல்லாதீர்கள். அவர் அடிக்கடி உங்களைக் கேட்கட்டும், அந்த மோசமான நேரத்தில் நீங்கள் அவருக்குப் போன் பண்ணலாம் என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். தூக்கமும் வேலையும் கெட்டுப்போகும் அளவுக்கு இந்தப் பழக்கம் முற்றியிருந்தால் ஒரு மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். அதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை.

எனக்கு விசுவாசமே இல்லையா என்று கேட்டீர்கள். கடைசி இராப்போஜன ராத்திரியில் இயேசு பேதுருவிடம் சொன்னதைப் படியுங்கள். சாத்தான் கோதுமையைச் சுளகினால் புடைக்கிறதுபோல உங்களைப் புடைக்க உத்தரவு கேட்டுக்கொண்டான் என்று சொல்லிவிட்டு, "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்கிறார். சேவல் கூவுகிறதற்கு முன்னே மூன்றுதரம் மறுதலிப்பாய் என்று சொல்வதும் அதே பேச்சில்தான். அதாவது பேதுரு விழுவார் என்று தெரிந்தே, அவர் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு வேண்டிக்கொண்டார். அந்த ஜெபம் கேட்கப்பட்டதா? கேட்கப்பட்டது. பேதுரு விழுந்தார், மனங்கசந்து அழுதார், ஆனால் மற்ற சீஷர்களை விட்டு ஓடிப்போகவில்லை, கல்லறை காலியென்று கேட்டதும் ஓடிப்போய்ப் பார்த்தார், கரையில் ஆண்டவரைக் கண்டதும் கடலில் குதித்தார். யூதாஸும் மனஸ்தாபப்பட்டான், ஆனால் அவன் இயேசுவிடம் திரும்பி வரவில்லை. நீங்கள் விழுந்த ஒவ்வொரு தடவையும் அவரிடம்தான் திரும்பியிருக்கிறீர்கள், இந்தக் கேள்வியைக் கேட்டதும் அதனால்தான். விழுந்த அன்றைக்கே, சூடு ஆறுவதற்கு முன்னாலேயே ஜெபியுங்கள். நல்லவனாக நாலு நாள் இருந்துவிட்டு அப்புறம் ஜெபிக்கப் போகிறேன் என்று ஒதுங்காதீர்கள், அந்த நாலு நாளில்தான் அடுத்த விழுகைக்கு வழி பிறக்கிறது.

கீபோர்டு விஷயம். விழுந்த அதிர்ச்சியில் நீங்களாக ஒரு முடிவெடுத்து வாட்ஸ்அப்பில் விலகல் செய்தி அனுப்பாதீர்கள், எதுவும் நடக்காதது போல ஞாயிற்றுக்கிழமை போய் உட்காரவும் வேண்டாம். முதலில் அந்த மூத்த சகோதரரிடம் பேசுங்கள், பிறகு அவரையும் கூட்டிக்கொண்டு போதகரிடம் பேசுங்கள். கொஞ்ச காலம் வாசிக்காமல் சபையில் உட்கார்ந்து பாடு என்று அவர்கள் சொன்னால் அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளாமல் ஏற்றுக்கொள்ளுங்கள், தொடர்ந்து வாசி என்று சொன்னால் வாசியுங்கள். "நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து" என்ற வேலையைப் பேதுரு விழுவதற்கு முன்னாலேயே ஆண்டவர் அவருக்குக் கொடுத்துவிட்டார். இன்றைக்கு ராத்திரி செய்ய வேண்டியது, அந்தச் சகோதரருக்கு ஒரு போன்: "அண்ணா, உங்களோடு கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும்."